மஞ்சள் நிறத்தில் எங்கள் வீதி

1

அப்பா இறந்து மூன்றாம் வருடம் திரும்பிய நாளன்று காலையில் இந்த ஊர் நகராட்சியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மதியம் ஓசூரிலிருந்து தம்பி மாதேஷ் போன் செய்தான். இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை என்பது அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இத்தனை மாதமாக நான் நிம்மதியாக இல்லை. ஊரில் இருப்பவர்களிடம் சொன்னால் கொஞ்சம் இறங்கும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். வந்து பதினோரு வருடம் ஆகிறது. கணவர் சங்கர் பர்கூரில் பொறியியல் படித்து, ஓசூரில் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து, அங்கிருந்து இங்கே வந்தவர். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் இருக்கிறேன். மகள் யாழினிக்குப் பதினாறு வயது.

தபால்பெட்டி எனக்கு இன்னும் பழகவில்லை. அரசாங்கக் கடிதங்கள் சாம்பல் நிறத் தாளில் வரும். குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு ஏழு மாதமாகக் காத்திருந்தோம். அதனால் ஒவ்வொரு உறையும் ‘நீங்கள் கிளம்பலாம்’ என்று சொல்ல வந்ததைப் போலவே இருக்கும். அன்றைய கடிதம் அப்படிச் சொல்லவில்லை. நன்றி சொல்லியிருந்தது. எங்கள் தெருவின் நில உபயோகத் திட்டத்தை மாற்றக் கோரும் மனுவில் நான் போட்ட கையெழுத்து கிடைத்துவிட்டதாம். மன்றக் கூட்டத்தில் பரிசீலிப்பார்களாம். தேதி குறிப்பிட்டிருந்தது.

அதை மேசையில் வைத்துவிட்டு அப்பாவின் படத்துக்கு விளக்கேற்றினேன். இலையில் வடையும் பாயசமும் வைத்தேன். யாழினி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சங்கர் ஷிப்டில். நான் ஒருத்திதான் கும்பிட்டேன்.

2

மாதேஷ் போனில் எப்போதும் சாப்பாட்டில்தான் ஆரம்பிப்பான். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

“அக்கா, நம்ம வீதிக்கு ஏதோ மேப்பு போட்டிருக்கறாங்களாம். ஆபீஸ்ல ஒட்டியிருக்குது, போய்ப் பாத்துட்டு வந்தேன்.”

“என்ன மேப்பு?”

“ஊரையே கலர் கலரா பிரிச்சு வெச்சிருக்கறாங்க. ஃபேக்டரின்னா ஊதா, காடு கழனின்னா பச்சை, வீடுன்னா மஞ்சள். இப்ப நம்ம வீதி கலப்புக் குடியிருப்புல இருக்குது. அதை முழு மஞ்சளா மாத்தணும்னு பக்கத்து லேஅவுட்டுக்காரங்க மனு குடுத்திருக்கறாங்க.”

“மாத்தினா என்ன?”

“மஞ்சள்னா குடும்பம் இருக்கற வீடு மட்டுந்தானாம். லைன் வீடு, ஹாஸ்டல், மெஸ்ஸு எதுவும் கூடாதாம். நம்ம எட்டு ரூமையும் என்ன பண்றது?”

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் கால்நடைப் பண்ணையின் வேலியைத் தாண்டி ஆட்டோ திரும்பும் இடத்தில் எங்கள் வீதி இருக்கிறது. இரண்டு பக்கமும் லைன் வீடுகள். ஓர் அறை, அதிலேயே ஒரு மூலையில் சமையல், பொதுவில் குளியலறை. ஃபேக்டரிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள் எல்லாம் இப்படித்தான் குடியிருக்கிறார்கள். தென்மாவட்டத்து ஆட்கள், ஒடிசாக்காரர்கள், பீகார்க்காரர்கள். அப்பா போன மறு வருடம் வீதிக்குப் பின்னால் ஒரு வில்லா லேஅவுட் வந்தது. பெங்களூரில் வேலை, இங்கே வீடு என்று நிறையப் பேர் வாங்கினார்கள். பத்தடிச் சுவர் எழுப்பினார்கள். அவர்களோடு எங்களுக்கு ஒரு சண்டையும் இருந்ததில்லை.

மாதேஷிடம் மனுவின் நகல் இருந்தது. “படிச்சுக் காட்டுடா” என்றேன். எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தான்.

“இப்பகுதியின் அமைதியும் அடையாளமும் பாதுகாக்கப்பட வேண்டும். நிரந்தரமற்ற தனி ஆண்கள் பெருமளவில் தங்குவது இப்பகுதியின் தோற்றத்துக்கு ஏற்றதல்ல.”

“இன்னொரு தடவ படி.”

திரும்பவும் படித்தான். என் எதிரே மேசையில் அந்தச் சாம்பல் நிறக் கடிதம் கிடந்தது. அதில் என் பெயருக்குக் கீழே மனுவின் சாரத்தை இரண்டு வரியில் கொடுத்திருந்தார்கள். மாதேஷ் தமிழில் படித்துக்கொண்டிருந்ததை நான் ஜெர்மனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“லைன்ல இருக்கறயாக்கா? ஆட்சேபணை மனு எழுதணும். முப்பது நாள்தான் டைமு. நீதான் அங்க சட்டம் திட்டம் எல்லாம் பாத்துப் பழகினவ. எப்படி எழுதறதுன்னு சொல்லு.”

நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

3

கையெழுத்துப் போட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டில் திருமதி பெக் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். நாங்கள் வந்த புதிதில் குப்பையை எந்தக் கிழமை எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்று எனக்கு எழுதிக் கொடுத்தவர். யாழினிக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் ஒரு நாள் அட்டையில் தாள்களைச் செருகிக்கொண்டு வந்து மணியடித்தார். தெருக்கோடியில் மூடிக் கிடந்த பழைய விடுதியை ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. பார்சல் கிடங்கில் வேலை செய்பவர்களுக்கு அதைத் தங்குமிடமாக மாற்றப்போகிறார்கள் என்றார்.

“நீங்களும் இந்தத் தெருவின் ஆள்தானே” என்றார். “ஊரின் ‘ஓர்ட்ஸ்பில்ட்’ கெட்டுவிடக் கூடாது.”

‘ஓர்ட்’ என்றால் இடம். ‘பில்ட்’ என்றால் படம். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அது ஊர்ப்படம். சாலையோரம் பூந்தொட்டி வைக்கும் சமாச்சாரம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன் என்றுதான் சங்கரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். வேலையிடத்திலும் அதையே சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். மொழி தெரியாதவள் என்பது சமயத்தில் நல்ல போர்வை.

உண்மை அது இல்லை. முதல் பக்கத்திலேயே தொழிலாளர் விடுதி என்ற சொல் இருந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

பயத்தில் போட்டேன். அந்த விடுதிக்கு யார் வருவார்கள் என்று நான் யோசித்துப் பார்த்தேன். ருமேனியாக்காரர்கள் வருவார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வருவார்கள், நம் நாட்டு ஆட்களும் வருவார்கள். எங்களைப் போன்ற நிறத்தில் இருபது முப்பது ஆண்கள் சாயங்காலம் தெருவில் நடப்பார்கள். இப்போது கடையில் என்னைப் பார்த்தால் ‘திருமதி சங்கர், எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்கிறார்கள். அப்புறம் என்னையும் அந்தக் கும்பலில் ஒருத்தியாகப் பார்ப்பார்கள். பதினோரு வருடமாகச் சேர்த்த பெயர் ஒரு மாதத்தில் போய்விடும். எனக்குத் தோன்றியது இதுதான். பேனாவை வாங்கி, திருமதி பெக்கின் பெயருக்கு இரண்டு வரி தள்ளி என் பெயரை எழுதினேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தொடுகை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

4

அப்பா அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையத்திலிருந்து இறங்கி வந்தவர். காட்டோரம் கூலிக்கு ராகி அறுத்துக்கொண்டிருந்தவர், யானை இரண்டு முறை வயலை அழித்தபின் பஸ் ஏறிவிட்டார். ஓசூரில் ஒரு வார்ப்பட ஆலையில் மணல் அள்ளும் வேலை கிடைத்தது. வேலை கிடைத்த மறுநாளிலிருந்து வீடு தேடினார்.

வீடு தேடிய அந்தக் கதையை அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம் அது. வீட்டுக்காரர் ஒருவர் தெலுங்கில் “ஏ ஊரு?” என்று கேட்டாராம். சொன்னதும், மலைக்காட்டு ஆட்களுக்கு இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார். அடுத்த வீட்டில் கன்னடத்தில் அதே கேள்வி. அதற்கடுத்த வீட்டில் தமிழில். எந்த ஊர், என்ன ஆட்கள், தனியாளா, கறி தின்கிறவனா? பதினெட்டு நாள் பஸ் ஸ்டாண்டில் படுத்து வேலைக்குப் போயிருக்கிறார்.

பிற்பாடு மத்திகிரியில் அந்தத் துண்டு நிலத்தை வாங்கி முதலில் இரண்டு ரூம் கட்டினார். அம்மாவிடம் அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. “ரூம் கேட்டு வர்றவங்கள ஊரு கேக்காத. வேலை எங்கன்னு மட்டும் கேளு.” அவர் இருந்தவரை அப்படித்தான் நடந்தது. ஒடிசாக்காரர்கள் முதன்முதலாக வந்தபோது வீதியில் நிறையப் பேர் தயங்கினார்கள். அப்பா சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அவருடைய மகள்தான் நான்.

5

சாயங்காலம் யாழினி வந்ததும் கடிதத்தைக் காட்டினேன். சங்கருக்கு முன்னால் அவளிடம் காட்டியதற்குக் காரணம், ஒருவேளை நான் ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாமே என்ற நப்பாசை. அவள் நின்றபடியே படித்தாள்.

“நல்லதுதானே மா. நீ சைன் பண்ணது கரெக்டு.”

“யாழினி, உங்க தாத்தாவும் இப்படி ஒரு ரூமுக்கு அலைஞ்சவர்தான்.”

“தாத்தா வேற மா.”

“எப்படி வேற?”

அவள் தமிழில் தேடினாள். கிடைக்கவில்லை. ஜெர்மனில் சொன்னாள். அந்த மாதிரி ஆட்கள் இங்கே தங்க வருவதில்லை, சம்பாதித்துவிட்டுப் போய்விடுவார்கள், ஊர்மேல் அவர்களுக்கு அக்கறை கிடையாது. ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். பிறகு பழத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

பிள்ளைகள் தமிழை மறக்கிறார்கள், கோயிலுக்கு வர மறுக்கிறார்கள் என்று இங்கே நாங்கள் கூடும்போதெல்லாம் புலம்புவோம். அதெல்லாம் சின்ன விஷயம் என்று அன்றைக்குப் பட்டது. என் மகள் எங்கேயோ விலகிப் போகவில்லை. நான் கையெழுத்துப் போட்ட இடத்தில்தான் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த நாள் மாதேஷுக்கு ஆட்சேபணை மனு எழுதினேன். எனக்கு அது எளிதாகவே வந்தது. கையெழுத்து வாங்கியபோது திருமதி பெக் தந்துபோன மனு நகலை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் மறுப்பு எழுதினேன். ‘இங்கே தங்குபவர்கள் இந்த ஊரின் தொழிலை நடத்துபவர்கள். அவர்களும் இந்த ஊரின் அடையாளம்தான்’ என்று முடித்தேன். எழுதிய கை எனக்கே அருவருப்பாக இருந்தது. மாதேஷ் படித்துவிட்டு, “சூப்பரா இருக்குதுக்கா, வக்கீல் எழுதுன மாதிரி” என்றான்.

6

கையெழுத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்க இங்கே நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த இளைஞர் பொறுமையாகக் கேட்டார். கருத்துச் சொல்லும் கெடு முடிந்துவிட்டது, ஆனால் எழுத்தில் கொடுத்தால் வாபஸ் பெறலாம் என்றார். கூட்டத்தில் பொதுமக்கள் பேசவும் நேரம் உண்டு என்று சேர்த்துச் சொன்னார். எழுத்தில் கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். திருமதி பெக்கின் முகத்துக்கு நேரே சொல்லாவிட்டால் அது வாபஸ் ஆகாது என்று எனக்குள் ஒன்று பிடித்துக்கொண்டது.

சங்கர் வேண்டாம் என்றார்.

“ஃபைல் இப்ப அவங்க கையிலதான் இருக்கு. இந்த நேரத்துல போய் எதுக்கு நம்மள அடையாளம் காட்டிக்கற?”

“குடியுரிமை குடுக்கறது மாவட்ட ஆபீஸுங்க. இது ஊர் மன்றம்.”

“உனக்குத் தெரியுமா, யார் யாருகிட்டப் பேசுவாங்கன்னு?”

எனக்குத் தெரியாது. அதனால்தான் அவர் சொன்னது என்னை விடவில்லை. கூட்டத்துக்குப் போகும் வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பிவிடலாமா என்று உட்கார்ந்திருந்தேன்.

மன்றத்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோரும் எனக்குத் தெரிந்த முகங்கள். ரொட்டிக்கடைக்காரர், யாழினியின் கணக்கு ஆசிரியர், என் சமையலறையில் சாப்பிடும் பெரியவரின் மகன். முன்வரிசையில் திருமதி பெக். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தேன். மனப்பாடம் செய்து வந்த முதல் வாக்கியம் ‘நான் என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்’ என்பது. ஜெர்மனில் அதற்கும் வீட்டைக் காலி செய்வதற்கும் வினைச்சொல்லின் வேர் ஒன்றுதான், முன்னொட்டுதான் வேறு. நடுக்கத்தில் முன்னொட்டு மாறிவிட்டது. “நான் காலி செய்துகொண்டு போகிறேன்” என்றேன்.

மேயர் குனிந்து, “எங்கே போகிறீர்கள்?” என்று அன்பாகக் கேட்டார். யாரோ லேசாகச் சிரித்தார்கள். திருமதி பெக் திரும்பிப் பார்த்தார்.

“உங்களை யாரும் போகச் சொல்லவில்லையே” என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது வேறு விதமாகக் கேட்டது. அப்படியானால் போகச் சொல்லவும் முடியும். அந்தத் திட்டத்தாளில் யாருடைய பெயரும் இல்லை. எந்தக் கட்டடம் கூடும், எந்தக் கட்டடம் கூடாது என்று மட்டும்தான் இருந்தது. அதை வைத்தே யார் இருக்கலாம் என்று முடிவு செய்துவிட முடிகிறது.

திருத்திச் சொன்னேன். என் அப்பாவும் இப்படி ஓர் அறையில்தான் தங்கினார், நான் இதில் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். நான்கே வாக்கியம். கைதட்டலும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. நன்றி என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

திட்டத் திருத்தம் பெரும்பான்மையோடு நிறைவேறியது. விடுதி வரவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் ‘ஒரு கையெழுத்து திரும்பப் பெறப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கிறது. திருமதி பெக் இன்றும் வணக்கம் சொல்கிறார். முன்பெல்லாம் வேலிக்கு அருகே வந்து சொல்வார். இப்போது அவர் வாசலிலிருந்தே சொல்கிறார். குடியுரிமைக் கடிதம் இன்னும் வரவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சங்கர் இப்போது எனக்குச் சொல்கிறார். நான் தலையாட்டுகிறேன்.

7

கோடை விடுமுறையில் பதினைந்து நாள் ஓசூர் வந்திருந்தேன். யாழினி வரவில்லை. அவளுக்குத் தோழிகளோடு முகாம்.

மாதேஷின் மனுவை வாங்கிக்கொண்டு விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவனும் வீதிக்காரர்கள் சிலரும் போய் வந்திருந்தார்கள். வரைபடம் இறுதியாக இன்னும் நாளாகும், இருப்பது அப்படியே இருக்கலாம் என்று பதில் கிடைத்திருந்தது. கேட்டபோது எனக்கு உயிர் வந்ததைப்போல இருந்தது. வீதிக்குள் நுழைந்ததும்தான் விஷயம் தெரிந்தது. எங்கள் எட்டு அறைகளில் ஐந்து பூட்டிக் கிடந்தன. எதிர்ச் சாரியில் இரண்டு பேர் லைன் வீடுகளை இடித்து மாடி வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். மெஸ் வைத்திருந்த பெண்மணி பாகலூர் ரோட்டுக்குப் போய்விட்டார். எங்கள் வாசலில் புதுப் பலகை தொங்கியது. ‘குடும்பத்தினருக்கு மட்டும்.’

“மேப்புதான் இன்னும் வரலியே, மாதேசு?”

“வந்துருச்சுன்னா அப்பறம் என்னக்கா பண்றது? மொதல்லயே மாறிக்கிட்டா நம்மள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“அப்பாவுக்கு அந்தச் சுவரு இல்லக்கா.”

அவன் முகத்தைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்ட அன்று என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

நான் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ரூம் கேட்டு ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் இருபத்தைந்துக்குள் இருக்கும். அந்தப் பெண் ஐந்தாறு மாதக் கர்ப்பிணி. கணவன் புது ஃபேக்டரியில் அசெம்பிளி லைனில் சேர்ந்திருக்கிறானாம். மாதேஷ் அவர்களை உட்காரச் சொல்லவில்லை.

“எந்த ஊருங்க?” என்று கேட்டான்.

“ராமநாதபுரம் பக்கம்ணே.”

“சொந்தக்காரங்க, கூட்டாளிங்கன்னு யாராச்சும் வந்து தங்குவாங்களா?”

“இல்லண்ணே, நாங்க ரெண்டு பேருதான்.”

மாதேஷ் யோசித்தான். தரமாட்டான் என்று நினைத்து, “குடுத்துருடா” என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“நீ நாளன்னைக்குப் போயிருவ. நான் இங்க இருக்கணும்.” பிறகு அவர்கள் பக்கம் திரும்பினான். “துணி முன்னால காயப்போடக் கூடாது. பின்னால சுவர்ப் பக்கமும் கூடாது, உள்ளயே கட்டிக்கணும். வாசல்ல உக்காந்து பேசக் கூடாது. டிவி சத்தம் வெளிய வரக் கூடாது. பைக்க வீதியில நிறுத்தக் கூடாது.”

ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் “சரிண்ணே, சரிண்ணே” என்று தலையாட்டினாள். கணவனைவிட வேகமாக அவள்தான் ஆட்டினாள். மாதேஷ் சாவியை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். ஆனாலும் நகரவில்லை.

“அண்ணே, சமைக்கலாமுல்ல?”

மாதேஷ் லேஅவுட் சுவர் இருக்கும் திசையில் ஒரு முறை பார்த்தான்.

“சமைங்க” என்றான். “வாசம் மட்டும் வெளிய வராம பாத்துக்குங்க.”

அவள் அதற்கும் தலையாட்டினாள்.